ஆறு டோக்கன்கள் தொங்கிய பலகை

மதியம் மூன்று மணிக்குக் காளிகாட் தூங்கிவிடும். சோறு தின்ற ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கண்ணை மூடும். சந்து முனையில் ரிக்‌ஷாக்காரர் தன் ரிக்‌ஷாவிலேயே கால் நீட்டிக் கிடப்பார். பூக்கடையில் செம்பருத்தி மாலைகள் ஈரத்துணிக்குள் கிடக்கும், கடைக்காரரும் பக்கத்தில் கிடப்பார். கோயிலுக்குப் பலி கொடுக்கக் கொண்டுபோகிற ஆட்டுக்குட்டிகூட எங்கள் வாசலில் நின்றபடியே கண் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஓடுகிற ஆதி கங்கைக் கால்வாயின் நாற்றம் மட்டும் தூங்காது. அந்த நேரத்தில்தான் நாங்கள் ஆறு பெண்கள் சமையலறைத் தரையைக் கழுவித் தள்ளிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்போம்.

தரை சில்லென்று இருக்கும். விடிவதற்கு முன்பிருந்து அடுப்பில் வெந்த உடம்பு அந்தக் குளிர்ச்சியில் அப்படியே கரையும். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகும். எழுத்துகள் தாளைவிட்டு எழுந்து மிதக்கும். படித்தது எது, அரைத்தூக்கத்தில் கண்டது எது என்று பிரிக்க முடியாது. ஒளிச்சேர்க்கைப் பாடம் நடந்த அன்று ஒரு பச்சை இலை என் மடியில் வந்து விழுந்தது என்று இன்றும் நம்புகிறேன். அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

எங்கள் தலைக்கு மேலே சுவரில் ஒரு மரப்பலகை. அதில் ஆறு ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் எண் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன். சாவி மாட்டும் பலகை என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் ஆறு பேரும் கோலார் தங்கவயல்காரிகள். பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தவர்களின் மகள்கள், மருமகள்கள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூடியபிறகு எங்கள் ஆண்கள் எந்த ஊரில் பள்ளம் தோண்டினாலும் அந்த ஊருக்குப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். கல்கத்தாவில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் போட ஆள் எடுத்தபோது ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்கள் பின்னால் நாங்கள் வந்தோம். காளிகாட்டில் இந்தப் பழைய வீட்டின் கீழ்த்தளத்தையும் ஒரு மாடி அறையையும் பிடித்துக்கொண்டோம். மீதி மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். எல்லாரும் அவரை மாஷிமா என்போம், வங்காளியில் பெரியம்மா.

முதலில் ஆறு அடுப்பு இருந்தது. ஆறு பேரும் தனித்தனியாக ஆறு குழம்பு வைத்து, ஆறு தூக்கில் ஷிப்டுக்கு அனுப்புவோம். பைத்தியக்காரத்தனம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் வீட்டுக்காரர் பட்டினி. ஒருநாள் ஐந்து அடுப்பை அணைத்துவிட்டு ஒரே அடுப்பாக்கினோம். ஒருத்தி லேக் மார்க்கெட்டுக்குப் போய்ப் பருப்பும் புளியும் முருங்கைக்காயும் வாங்குவாள், ஒருத்தி அரைப்பாள், ஒருத்தி வேகவைப்பாள். முறை மாறிக்கொண்டே வரும். கூட வேலை செய்த மற்ற ஆட்களும் எங்கள் சாப்பாட்டைக் கேட்டார்கள். பிறகு ஒரு கான்ட்ராக்டர் மோப்பம் பிடித்து வந்தான். எங்கள் சாம்பாரையும் இட்லியையும் வாங்கிப் போய், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் தன் பெயர் ஒட்டிய டப்பாவில் விற்றான். எங்கள் கையால் செய்த சாப்பாட்டின் மேல் அவன் சிரிக்கிற படம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த ஆபீஸ்களில் ஒன்றில் கேன்டீனைக் கவனிக்கிற அதிகாரி ஒரு திருச்சிப் பெண். ரசத்தை ஒரு வாய் குடித்தவுடன் இது அந்தக் கான்ட்ராக்டர் வைத்ததில்லை என்று கண்டுபிடித்து, விசாரித்து, எங்களைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஏ.சி. அறையில் நாங்கள் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து நடுங்கினோம்.

“அக்கா, நீங்களே ஒரு சொசைட்டியா பதிவு பண்ணிட்டு வாங்க. கேன்டீன உங்ககிட்டயே குடுத்துடறேன். ஆனா மெம்பரா கையெழுத்துப் போடறவங்க டென்த் பாஸ் பண்ணியிருக்கணும். ஆபீஸ் ரூல். நான் போட்டதில்ல.”

“இட்லி ஊத்தறதுக்கு எதுக்கும்மா டென்த்து?” என்றேன்.

“எனக்கும் தெரியலக்கா.”

உண்மையைச் சொன்னதற்காக அவளைப் பிடித்துவிட்டது.

ஆறு பேரில் ஒருத்திகூடப் பத்தாவது இல்லை. எங்கள் ஊரில் பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள். நாங்கள் குழாயடியில் குடத்தோடு நின்றோம். தம்பி படித்தால் போதும் என்றார்கள். அந்தத் தம்பிகளும் கடைசியில் குழியில்தான் இறங்கினார்கள். எதற்காக எங்களை நிறுத்தினார்கள் என்று கேட்க இப்போது யாரும் உயிரோடு இல்லை. வீட்டிலிருந்தே படித்து எழுதுகிற பத்தாவது ஒன்று இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம் என்று திருச்சிப் பெண்தான் சொன்னாள். புத்தகங்கள் தபாலில் வந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சரி, நாமே படிப்போம் என்று உட்கார்ந்தோம்.

டோக்கன் வந்தது அப்போதுதான். சுரங்கத்தில் அது ஒரு ஏற்பாடு. குழிக்குள் இறங்குகிறவன் தன் எண் போட்ட டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. தேடவேண்டும். என் நைனாவின் டோக்கன் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. புத்தகம் வந்த அன்று அதை எடுத்து, சுவரில் ஒரு பலகை வைத்து, ஆணி அடித்து மாட்டினேன். “நான் எறங்கிட்டேன். பாஸ் பண்ணாத்தான் எடுப்பேன்” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லாருடைய பெட்டியிலும் அப்பனுடையதோ மாமனாருடையதோ ஒன்று இருந்தது. வரிசையாக வந்து மாட்டினார்கள். ஒன்றாக இறங்கினோம், ஒன்றாக ஏறவேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரிகளுக்கு அதைச் சொல்லவேண்டியதும் இல்லை.

கடைசியாக வந்து மாட்டியவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஊரில் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சயனைடு கலந்த மண், வெள்ளையாக இருக்கும், புல் முளைக்காது. இவள் வீடு அந்த மலையடியில். காற்றடித்தால் சோற்றில் விழும், துணியில் விழும், தூங்குகிற பிள்ளையின் இமைமேல் விழும். கல்யாணத்துக்கு முன் பஸ்ஸில் போகும்போதுதான் முதல் முறையாகப் பச்சை மலையைப் பார்த்தாளாம். மலைக்குப் பாசி பிடித்துவிட்டது என்று நினைத்தாளாம். எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வெள்ளை மலைகள் தெரியும். நிலா வெளிச்சத்தில் அவை பனிமலைகள்போல நிற்கும். விஷம் அவ்வளவு அழகாக இருந்தது.

வகுப்புக்கு ஒரு சட்டம் வைத்தோம். ஒருத்தி சத்தமாகப் படிப்பாள். முதலில் புரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். கடைசியாகப் புரிந்தவள்தான் எழுந்து எல்லாருக்கும் சொல்லவேண்டும். அவள் சொன்னபிறகுதான் அந்தப் பாடம் முடியும். குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, கடைசி ஆள் வரும்வரை நிற்பதுபோல. அதனால் பெரும்பாலும் ஓரகத்திதான் எழுந்து நின்றாள்.

இரத்த ஓட்டம் பாடம் நடந்த மதியம் நன்றாக நினைவிருக்கிறது. எல்லாருக்கும் கண் சொக்கியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்று யோசித்தாள்.

“கெட்ட ரத்தம் இன்னான்னா, ஷிப்ட் முடிஞ்சி வர்ற ஆளு. கருப்பா, சோந்து போயி வருவான். நுரையீரலாண்ட போயி காத்து வாங்குவான். மூஞ்சி செவந்துடும். மறுக்கா எறங்குவான். அவ்ளோதான்.”

“அப்ப இதயம் இன்னாடி?” என்றாள் மாடி அறைக்காரி. எங்களில் கணக்கில் கெட்டிக்காரி அவள். வாயிலும்தான்.

“கூண்ட ஏத்தி எறக்குற இஞ்சினு. அது நின்னா எல்லாரும் உள்ள.”

“ரெண்டு பக்கம் கீதே இதயத்துல?”

“ஏறுற கூண்டு ஒண்ணு, எறங்குற கூண்டு ஒண்ணு. உங்கப்பன் எதுல வந்தான்னு உனுக்குத் தெரியாதா?”

வெடித்துச் சிரித்தோம். மாடியிலிருந்து மாஷிமா கத்தினார்: “கீ கொர்ச்சோ தொம்ரா! எக்டு குமாத்தே தாவ்!” என்ன கூத்தடிக்கிறீர்கள், கொஞ்சம் தூங்கவிடுங்கள் என்று. சில நாள் கழித்து அவரே தலையணையோடு கீழே வந்தார். எங்கள் தரைதான் இந்த வீட்டிலேயே குளிர்ச்சியானதாம். பாடம் நடக்க நடக்க எங்கள் நடுவில் படுத்துத் தூங்குவார். ஒரு வார்த்தைத் தமிழ் தெரியாது. வரலாறு நடந்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது, கணக்கு நடந்தால் கெட்ட கனவு வருகிறது என்பார்.

இப்படி எல்லாப் பாடத்தையும் வாயால் சொன்னவள் எழுத உட்கார்ந்தால் அவ்வளவுதான். கோலம் போடுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் சுழித்து, நின்று பார்த்து, அடுத்ததுக்குப் போவாள். பருப்பு வேகிற நேரத்தில் நாங்கள் ஒரு பக்கம் எழுதினால் அவள் நாலு வரி எழுதியிருப்பாள். கேள்வித்தாளில் பாதியைக்கூடத் தொடமாட்டாள். அது எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பரீட்சைக்குப் பதிவு செய்யப் போகவேண்டிய காலை. அடுப்பு பற்றவைக்க வந்தவள் பலகையைப் பார்த்தேன். ஐந்து டோக்கன் தொங்கின. ஓர் ஆணி வெறுமையாக இருந்தது.

அது என்ன என்று வெளியாட்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஏறி வந்த யாரோ ஒருவர் கைதவறித் தன் டோக்கனோடு நைனாவின் டோக்கனையும் எடுத்துவிட்டார். பலகை காலி. எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று மேலே நினைத்துவிட்டார்கள். நைனா உள்ளே இருந்தார். விளக்கு அணைந்து, வழி தெரியாமல், ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பாதையில் வெடி வைத்தார்கள். ஆள் இல்லை என்று நம்பித்தான் வைத்தார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குழிவாயிலில் நின்றாள். இவர் ஏறிவிட்டார் என்று பலகை சொல்கிறது, வீட்டுக்குப் போ என்றார்கள். அவள் போகவில்லை. கூண்டை இழுக்கிற சக்கரம் மேலே சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சக்கரம் இன்றும் என் கனவில் சத்தமில்லாமல் சுற்றும். மறு ஷிப்டில் நைனா ஏறி வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு காது கேட்காமல் போயிருந்தது. “பலக பொய் சொல்லிடுச்சி” என்றார். வேறெதுவும் அவர் அதைப்பற்றிச் சொன்னதே இல்லை.

ஓரகத்தி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டோக்கன் எங்கடி?”

“எடுத்துட்டேங்க்கா. நீங்க அஞ்சி பேரும் எழுதுங்க. என்னால உங்களுக்கு லேட்டாவுது.”

“நீ ஏறிட்டியா?”

“இல்லக்கா...”

“உள்ள இருந்துகினு டோக்கன எடுப்பியா? அறிவு கீதா உனுக்கு? உள்ள ஆளு கீதுன்னு தெரியாம நாங்க மேல சிரிச்சிகினு சோறு துண்ணணுமா? எங்கப்பன் காது போன மாதிரி யாருது போவணும்?”

சந்தே கேட்கும்படி கத்தினேன். கெட்ட வார்த்தைகளும் சொன்னேன், இங்கே எழுதவில்லை. அவள் கரியும் சாம்பலும் படிந்த கையோடு எழுந்தாள். பிறகு இடுப்புச் சுருக்கிலிருந்து டோக்கனை எடுத்து, முந்தானையில் துடைத்து, உள்ளே போய் மாட்டினாள். ஆணியில் அது கொஞ்ச நேரம் ஆடி நின்றது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பரீட்சை ஹவுராவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் இறங்கி, ஆற்றுக்கு அடியில் போகிற ரயிலுக்கு மாறவேண்டும். எங்கள் ஆண்கள் போட்ட சுரங்கம் அது. அதுவரை நாங்கள் ஒருத்தியும் அதில் போனதில்லை. அடுப்பை விட்டால்தானே. எங்கள் ஊரில் பெண்கள் குழிக்குள் இறங்கவே கூடாது. பெண் இறங்கினால் தங்கம் ஓடிவிடும் என்பார்கள். நாங்கள் இறங்காமலேயே ஓடிவிட்டது. அது வேறு விஷயம்.

நகரும் படிக்கட்டு எங்களைக் கீழே கீழே கொண்டுபோனது. ரயில் புறப்பட்டது. திடீரென்று ஜன்னலுக்கு வெளியே நீல வெளிச்சம் வந்தது. ஆற்றுக்கு அடியில் வந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். பெட்டியில் எல்லார் முகமும் நீலமாகியது. தண்ணீருக்குள் மூச்சு விடுகிறவர்கள்போல இருந்தோம். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இந்தச் சுவரில் எங்கோ என் வீட்டுக்காரரின் கை பட்டிருக்கிறது. மேலே படகு போகும், பிணத்தின் சாம்பல் கரையும், யாரோ முழுகி எழுவார்கள். கீழே நாங்கள் ஆறு பேர் பேனாவோடு போகிறோம். ஓரகத்தி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை வியர்த்து வழுக்கியது. நீல வெளிச்சம் வந்தமாதிரியே போய்விட்டது.

முடிவு வந்தது. ஐந்து பேர் பாஸ். ஓரகத்தி இரண்டு தாளில் ஃபெயில். அறிவியலும் சமூக அறிவியலும். தெரியாமல் இல்லை. எழுதி முடிக்கவில்லை.

மாஷிமா ரசகுல்லாப் பானையோடு கீழே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பானையைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். பலகையில் ஆறு டோக்கனும் அப்படியே தொங்கின.

திருச்சிப் பெண்ணிடம் போனோம். “அஞ்சு பேர் போதும்க்கா. நீங்க அஞ்சு பேரும் மெம்பர். அவங்கள ஹெல்ப்பரா போட்டுக்கலாம், கூலிக்கு” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கூலி என்ற அந்த வார்த்தை மேசையில் ஒரு செத்த எலிபோலக் கிடந்தது. ஆறு அடுப்பை ஒன்றாக்கியவர்களில் ஒருத்தி மற்ற ஐந்து பேருக்குக் கூலிக்காரியா?

அன்று மதியம் புத்தகத்தைத் திறக்கவில்லை. சண்டைதான். மாடி அறைக்காரி நியாயமாகத்தான் பேசினாள்.

“அடுத்த பரீட்சைக்கு அரை வருஷம் கீது. அதுவரைக்கும் அந்தக் கான்ட்ராக்டர் மூஞ்சிய ஒட்டிகினு இருக்கணுமா? ஆபீஸ்காரங்க மனசு மாறிட்டா? மொதல்ல அஞ்சி பேரு சேரலாம். அவ பாஸ் பண்ணதும் சேத்துக்கலாம். இதுல இன்னா தப்பு?”

“உன் டோக்கன எடு” என்றேன்.

“இன்னா?”

“நீ ஏறிட்ட இல்ல? அவள வுட்டுட்டுப் போறதா இருந்தா மொதல்ல எழுந்து உன் மாமனாரு டோக்கன எடு. நான் தடுக்கல.”

அவள் எழுந்தாள். நேராகப் பலகை வரை போனாள். கையைத் தூக்கினாள். அவள் மாமனார் எங்கள் ஊரில் மண் சரிந்து செத்தவர். பலகையில் அவர் டோக்கன் வாரக்கணக்கில் தொங்கியதாம், எடுக்க யாருக்கும் கை வரவில்லையாம். மாடி அறைக்காரி டோக்கனைத் தொட்டாள். அது பக்கத்து டோக்கனில் இடித்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, “நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்றாள். அவ்வளவுதான் ஓட்டெடுப்பு.

மறுநாள் நான் ஒருத்தியாகச் சால்ட் லேக் போய், ஆறு பேராக வந்தால்தான் வருவோம், காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். “ட்ரை பண்றேன்க்கா, ப்ராமிஸ் பண்ண முடியாது” என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. அவள்மேல் இல்லை. பேனாவைக் கையில் கொடுக்காமல் குடத்தைக் கொடுத்த ஊர்மேல்.

அன்றிலிருந்து அன்றாடச் சமையலை ஓரகத்திதான் எழுதவேண்டும் என்று வைத்தோம். என்ன சமையல், எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, யார் என்ன வேலை, எல்லாவற்றையும் விடியற்காலையில் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். அவள் எழுதி முடிக்கும்வரை அடுப்பு பற்றவைக்கக்கூடாது. முதல் வாரம் ஆண்கள் பட்டினியாக ஷிப்டுக்குப் போனார்கள்.

“ஏம்மே, இன்னும் ‘மு’வே முடியலியா? முருங்கக்கா முத்திப் போயிடும்!” என்று அவள் வீட்டுக்காரர் தட்டோடு நின்று கத்துவார்.

“மு முடிஞ்சிது. ரு போட்டுகினு கீறேன். குந்து.”

பசித்த ஆண்களைப்போல வேறு வாத்தியார் கிடையாது. சுழிகள் குறைந்தன. எழுத்து கோணலானது, ஆனால் ஓடியது. மழைக்காலத்தில் சுவர் பூசணம் பூத்து எழுத்தெல்லாம் ஈரத்தில் கரைந்து வழிந்தபோது, அவள் அதன் மேலேயே எழுதினாள். துவரம்பருப்புக்கு மேல் தக்காளி, தக்காளிக்கு மேல் முந்தாநாள் கடலை. அரைத்தூக்கத்தில் அந்தச் சுவரைப் பார்த்தால் அது சுவர் மாதிரியே இருக்காது. மதியம் அவளே பாடத்தைச் சொல்லி, சொன்னதை அவளே எழுதுவாள். பாஸான நாங்கள் ஐந்து பேரும் மறுபடி கூட உட்கார்ந்தோம். யாரும் தூங்கவில்லை, மாஷிமா தவிர.

இரண்டாம் முறை அவள் ஒருத்திதான் எழுதவேண்டும். ஆனால் இரண்டில் கடைசித் தாள் அன்று ஆறு பேரும் போனோம். அன்று சமையலை ஆண்கள் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.

பள்ளிக்கூடத்து வாசலில் காவலாளி எங்களைப் பார்த்தார். “பரீட்சை ஒருத்தருக்கு, கார்டியன் ஐந்து பேரா? வீட்டுக்குப் போங்கள், முடிந்ததும் வரலாம்” என்று இந்தியில் சொன்னார். போகவில்லை. தூறல் போட்டது. எதிரில் டீக்கடைத் தார்ப்பாயின் கீழே நின்றோம். மண்கோப்பையில் டீ குடித்தோம், பிறகு இன்னொன்று. பள்ளிக்கூடத்தின் பழைய இரும்பு கேட் மூடியிருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை, சாம்பல் நிற வானம்தான். ஆனால் எனக்கு அங்கே கூண்டுச் சக்கரம் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படி நின்றாள் என்று அன்றைக்குத்தான் உடம்புக்குப் புரிந்தது. மாடி அறைக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், பெரியவர்கள் வந்தார்கள், கூட்டம் குறைந்தது, தெரு காலியானது. அவள் வரவில்லை. காவலாளி கேட்டை இழுத்தார்.

“யோவ், இரு! உள்ள ஆளு கீது!” என்று நான் கத்தினேன். தமிழில். அவருக்கு என்ன புரிந்ததோ, கையை எடுத்துவிட்டார்.

கடைசியாக வந்தாள். விரலெல்லாம் மை. நெற்றியிலும் மை. எங்களைப் பார்த்துத் தெருவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கடி போன இவ்ளோ நேரம்? உசுரு போயி உசுரு வந்துச்சி” என்றேன்.

“நூலு கட்டிகினு இருந்தேங்க்கா.”

“இன்னா நூலு?”

“பேப்பர் தீந்துடுச்சி. எழுந்து நின்னு இன்னொண்ணு கேட்டேன். குடுத்தாங்க. அதுவும் தீந்துடுச்சி. மறுக்கா கேட்டேன். எல்லாத்தியும் சேத்து நூலால கட்டணுமாம். எனுக்கு முடிச்சி போட வரல. விரலு மரத்துப் போச்சி.”

மாடி அறைக்காரி ‘ஓ’வென்று அழுதாள். நாங்கள் சிரித்தோம். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

அவள் பாஸானதும், ஆறு டோக்கனையும் ஒரே நாளில் எடுத்ததும், மாஷிமா இந்த முறை பானையைத் திறந்ததும் பிறகு நடந்தவை. திருச்சிப் பெண் காத்திருந்தாள். இப்போது அந்தக் கேன்டீனில் டப்பாமேல் யார் படமும் இல்லை. சால்ட் லேக் ஆபீஸ் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, சுவரில் அன்றைய சமையல் ஓரகத்தியின் கோணல் எழுத்தில் இருக்கும்.

ஆனால் கண்ணை மூடினால் எனக்கு அதெல்லாம் வராது. ஹவுராவிலிருந்து திரும்பிய அந்த ரயில்தான் வரும். ஈரப் புடவையோடு ஆறு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். ஓரகத்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மிச்சமான ஒரு துண்டு வெள்ளை நூல் அவள் மை படிந்த கையில் சுற்றியிருக்கிறது. நீல வெளிச்சம் வந்து எல்லார் மேலும் ஏறுகிறது. அவள் கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

“யக்கா, ஏறிட்டமா? இன்னும் உள்ளயா?”

“உள்ளதான் கீறோம். ஆறு பேரும் கீறோம். தூங்கு.”